தஞ்சைப் பெருவுடையார் கோயில்: கல்லில் எழுதிய கணக்கு

மலேசியாவிலிருந்து தமிழகத்திற்குத் தலயாத்திரை செல்லும் பக்தப் பெருமக்களின் பயணத் திட்டத்தில் தஞ்சாவூர் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கி, திருவரங்கத்தையும் சமயபுரத்தையும் தரிசித்துக்கொண்டு, கும்பகோணத்தையும் அதனைச் சூழ்ந்துள்ள நவக்கிரகத் தலங்களையும் நோக்கி விரையும் வழியில் பேருந்து தஞ்சையில் நிற்கும். ஒரு மணி நேரம் என்று வழிகாட்டி சொல்வார். அந்த ஒரு மணி நேரத்தில் அடியார்கள் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பர், நந்தியெம்பெருமானை வலம் வருவர், கருவறையில் ஓங்கி நிற்கும் பெருவுடையாரைக் கண்டு மெய்சிலிர்ப்பர், புகைப்படம் எடுத்துக்கொள்வர். பிறகு பேருந்து புறப்பட்டுவிடும்.

அண்ணாந்து பார்த்தவர்கள் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. அது விமானத்தின் உச்சியில் இல்லை. அதன் அடித்தளத்திலேயே, கையெட்டும் உயரத்தில் இருக்கிறது. வரிவரியாக, சுற்றிச் சுற்றி, கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளே அவை. பழைய எழுத்து ஆதலால் இன்று தமிழ் படித்தவர்களாலும் எளிதில் வாசிக்க இயலாது. மந்திரமோ தோத்திரமோ எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்களும் உண்டு. உண்மையில் அவற்றுள் பெரும்பகுதி கோயிலின் வரவு செலவுக் கணக்கு.

இக்கோயிலைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் கதைகள் பல. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. விழும்; காலையிலோ மாலையிலோ சற்று நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். உச்சியிலுள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது மற்றொன்று. அதுவும் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்றே ஆராய்ந்தோர் கூறுகின்றனர். இராஜராஜனின் பெருமைக்கு இக்கதைகள் தேவையில்லை. தஞ்சையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளிதான். கருங்கல் மலை இல்லை. அப்படிப்பட்ட மருத நிலத்திற்குத் தொலைவிலிருந்து கற்களைக் கொண்டுவந்து, 200 அடியையும் கடந்து நிற்கும் 13 நிலை விமானத்தை எழுப்பியது ஒன்றே போதும். பொதுவாக 216 அடி என்பர். ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடைய திருச்சுற்றின் நடுவே அவ்விமானம் தனித்து நிற்கும் காட்சியைப் புகைப்படத்தில் அடக்க முடிவதில்லை.

கேரளாந்தகன் திருவாயில், இராஜராஜன் திருவாயில் என்னும் இரு கோபுரங்களைக் கடந்து உள்ளே செல்பவர்கள் காண்பன அனைத்தும் இராஜராஜன் காலத்தவை அல்ல. பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. அழகிற் சிறந்த முருகன் சந்நிதியும் அவ்வாறே. அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. தென்மேற்குத் திருச்சுற்றில் 1803ஆம் ஆண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் தம் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் நெடிய கல்வெட்டாகப் பொறித்து வைத்திருக்கிறார். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதற்கு மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களுள் 81 மட்டும் சிற்பமாக வடிக்கப்பட்டு, எஞ்சிய இடம் வெறும் கல்லாகவே நிற்கிறது. 1987இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவை யாவும் வழிகாட்டி நூல்களில் உள்ளவையே.

வழிகாட்டி நூல்கள் விரித்துரைக்காத செய்தி ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் மறந்துபோய்விட்டது. சோழப் பேரரசு 13ஆம் நூற்றாண்டில் மறைந்தது. பாண்டியர் வந்தனர், நாயக்கர் வந்தனர், மராத்தியர் வந்தனர். இராஜராஜீசுவரம் என்ற பெயரும் வழக்கிழந்து, பெரிய கோயில் என்றும் பிரகதீசுவரர் கோயில் என்றும் ஆயிற்று. கரிகால் சோழன் தன் நோய் தீர இக்கோயிலைக் கட்டினான் என்று தலபுராணம் எழுதப்பட்டது. வந்தவர்களும் அதையே நம்பினர். 19ஆம் நூற்றாண்டில் தமிழறிந்த மேனாட்டு அறிஞர்கள்கூட வேறு சோழன் ஒருவனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தனர்.

1886ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றவர் ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ். அவரும் அவருக்குத் துணைநின்ற வெங்கையாவும் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வாசித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 1891ஆம் ஆண்டு முதல் அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சில் வரலாயின. தஞ்சாவூரில் தான் எடுப்பித்த திருக்கற்றளி என்று இராஜராஜனே சொல்லியிருப்பது அப்போதுதான் உலகிற்குத் தெரிந்தது. அச்சொற்கள் யார் என்ன கொடுத்தார் என்று எழுதிவைக்கச் சொன்ன ஓர் அரசாணையில் வருகின்றன. மன்னனை மீட்டுத் தந்தது கணக்கு.

அந்த ஆணையின் வரலாறு சுவையானது. இராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாள், அதாவது கி.பி. 1010. அன்று விமானத்தின் உச்சியில் வைப்பதற்கென 3,083 பலம் எடையுள்ள செப்புக் குடத்தை மன்னன் வழங்கினான். அதன் மேல் 2,926½ கழஞ்சு பொன்தகடு போர்த்தப்பட்டது. அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆட்சியாண்டின் 20ஆம் நாள், அரண்மனையில் திருமஞ்சனசாலையில் வீற்றிருந்தபோது மன்னன் வாய்மொழியாக ஓர் ஆணையிட்டான். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவிமார் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தவற்றையும் திருவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்பதே அவ்வாணை.

இதில் “மற்றும் கொடுத்தவர்கள்” என்ற சொல்லைச் சேர்க்காமலும் விட்டிருக்கலாம். மன்னனின் கோயில், மன்னனின் பொருள், மன்னனின் பெயரையே தாங்கிய ஊர்தோறும் உள்ள நிலங்கள். மற்றவர்களின் பெயர் இல்லையே என்று கேட்கத் துணிபவர் எவரும் அன்று இருந்திருக்க மாட்டார். எனினும் சேர்த்தான். அரசனும் தமக்கை குந்தவையாரும் அளித்தவை விமானத்தின் அடித்தளத்திலும், தேவியரும் அதிகாரிகளும் பிறரும் அளித்தவை பெரும்பாலும் திருச்சுற்று மாளிகையிலும் வெட்டப்பட்டன. இடத்தில் வரிசை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எழுத்து முறையும் எடை முறையும் எல்லாருக்கும் ஒன்றே.

குந்தவையார் தம் தந்தை சுந்தர சோழருக்கும் தாய் வானவன்மாதேவிக்கும் இக்கோயிலில் செப்புத் திருமேனிகள் எடுப்பித்தார். தந்தையைக் கல்வெட்டு “பொன்மாளிகைத் துஞ்சின தேவர்” என்று குறிக்கிறது. காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர்நீத்தவர் அவர். தாயைக் குறிக்கும் சொல் “தம்மை” என்பது. கணவர் இறந்ததும் கைக்குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியதாக வேறொரு கல்வெட்டால் அறியப்படும் அவ்வன்னையின் பெயர், மகள் கொடுத்த நகைப் பட்டியலின் வழியாகத் தஞ்சையிலும் நிலைபெற்றது.

அந்த நகைப் பட்டியல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொன்னை நிறுப்பதற்கு “ஆடவல்லான்” என்னும் எடைக்கல்லும், மணிகளையும் முத்துகளையும் நிறுப்பதற்குத் “தட்சிணமேரு விடங்கன்” என்னும் எடைக்கல்லும் கோயிலுக்கென இருந்தன. இறைவனின் பெயரையே எடைக்கல்லுக்கும் நெல் அளக்கும் மரக்காலுக்கும் சூட்டியிருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே குறைத்து அளக்க எவருக்கும் மனம் வராது என்று நினைத்தார்களோ என்னவோ. நகைகளை நிறுக்கும்போது சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுத்தார்கள். நீக்க முடியாத அரக்கும் பிஞ்சும் இருந்தால் அவற்றோடு சேர்த்து நிறுத்ததாகவே எழுதினார்கள். முத்தென்றால் முத்து என்று மட்டும் எழுதிவிடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து, குளிர்ந்த நீர் உடையவை, சிவந்த நீர் உடையவை என்று ஒளியையும் குறித்து, எண்ணிக்கையும் தந்து, பிறகே எடை சொல்கிறார்கள். குறையுள்ள மணியைக் குறையுள்ளது என்றே பதிவு செய்தனர். கொடுத்தவர் அரசி என்பதற்காகக் கறடு வட்டமாகிவிடவில்லை. இந்நாளில் அரசாங்க இலாகாக்களில் பொருட்பதிவேடு வைத்திருப்போர் இதனைப் படித்தால் தலைவணங்குவர்.

செப்புத் திருமேனிகளுக்கும் இவ்வாறே. ஒவ்வொரு திருமேனியும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், திருக்கைகள் எத்தனை, கையில் ஏந்தியது யாது, நிற்கும் பீடத்தின் அளவு என்ன என்பன பதிவாகியுள்ளன. கல்வெட்டில் இவ்வாறு குறிக்கப்பெற்ற திருமேனிகள் ஏறத்தாழ 66.

அன்றாடச் செலவுக்கு என்ன வழி செய்தார்கள் என்பது இன்றைய ஆலய நிர்வாகக் குழுவினருக்குப் பெரிதும் பயன்தரக்கூடிய பகுதி. பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் நிவேதிக்க வேண்டும் என்று மன்னன் விரும்பினான். பழத்திற்கென ஒவ்வொரு நாளும் பொக்கிசத்தைத் திறக்கச் சொல்லவில்லை. 360 காசைத் தஞ்சை நகரத்து வணிகர்களிடம் முதலாக வைத்தான். வட்டி காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. 360 காசுக்கு ஆண்டு வட்டி 45 காசு. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் வேண்டிய பழம் 54,000. ஆகக் காசு ஒன்றுக்கு 1,200 பழம். கணக்குச் சரியாக வருகிறது. முதலில் கைவைக்கக் கூடாது. அது சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும் நிற்க வேண்டும். வட்டியிலிருந்து பிள்ளையாருக்குப் பழம். வணிகருக்கு முதலீடு. இரண்டு தரப்புக்கும் ஆதாயம்.

ஊர்ச் சபைகளுக்கும் இம்முறையில் கோயில் பணம் கடனாகச் சென்றது. திருமஞ்சன நீரில் இடும் ஏலக்காய்க்கும் சண்பக மொட்டுக்கும் இலாமிச்சை வேருக்கும்கூடத் தனித்தனியே இத்தகைய முதல் வைக்கப்பட்டது. விளக்குகளுக்கு ஆடுமாடுகள். ஒரு விளக்கு அணையாது எரிய 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அவர் பெயரும் கல்லில் உண்டு. ஆடு சாகும், குட்டி போடும். தொகை மட்டும் குறையக் கூடாது. அதனால் அவற்றைச் “சாவா மூவாப் பேராடு” என்றனர். நிலைநிதிக்கு இதைவிட நல்ல பெயரை எந்த வங்கியும் இன்றுவரை வைத்ததாகத் தெரியவில்லை.

பொருளைவிட மனிதர்களைப் பற்றிய பதிவுகள் இன்னும் வியப்பிற்குரியவை. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆடலும் பாடலும் அவர்கள் பணி. அவர்களுக்குக் கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கினர். இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாம் வீடு, இன்ன ஊரில் இன்ன கோயிலிலிருந்து வந்த இன்னாள் என்று நானூறு பேரின் பெயரும் முகவரியோடு கல்லில் இருக்கின்றன. கடிதம் எழுதினால் போய்ச் சேரும் போலிருக்கிறது. எல்லாப் பெயருக்கும் முன்னால் “நக்கன்” என்ற சொல் வருகிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து அந்நெல்லைப் பெறலாம். அவர் தகுதியற்றவரானால் தகுதியுடைய வேறொருவரை அமர்த்தலாம் என்று விதியும் எழுதப்பட்டுள்ளது. பிறந்து வளர்ந்த ஊரை விட்டுவர அவர்களுக்கு விருப்பம் இருந்ததா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. இடமாற்ற உத்தரவுகள் அதைச் சொல்வதில்லை. அரசாங்கச் சேவையில் இருப்போர் இதனை நன்கு அறிவர்.

அவர்களைத் தொடர்ந்து வருவோர் பலர். நட்டுவம் செய்வார், மத்தளம் கொட்டுவார், குடை பிடிப்பார், விளக்கேற்றுவார், நீர் தெளிப்பார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தட்டார், கணக்கர் என்று நீளும் அப்பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு நெல் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் “இராஜராஜப் பெருந்தச்சன்” என்ற பட்டம் பெற்றார். நாவிதர் ஒருவருக்கும் மன்னனின் பெயரால் அத்தகைய பட்டம் இருந்தது. தாஜ்மகாலைக் கட்டியவர் யார் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தஞ்சைக் கோயிலின் தச்சர் பெயரும் தெரியும், முடிதிருத்தியவர் பெயரும் தெரியும்.

திருமுறை பாடுவோரையும் மன்னன் மறக்கவில்லை. மூவர் பாடிய திருப்பதியங்களை இறைவன் திருமுன் விண்ணப்பிக்க 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக ஐம்பதின்மர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். தமிழுக்குத் திருக்கோயிலில் இடமுண்டா என்பது ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் வழக்காடு மன்றம்வரை சென்ற கேள்வியாக இருந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் இக்கோயிலில் நடைபெற்ற குடமுழுக்கைத் தமிழில் நடத்த வேண்டும் எனக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. தமிழ், சமஸ்கிருதம் ஆகிய இரு மொழிகளிலும் நடத்தப்படும் என்ற முடிவின்படி ஓதுவார்களின் திருமுறை முழக்கமும் அன்று ஒலித்தது. கல்வெட்டுகளில் தமிழ் பாடுவோரும் இருக்கிறார்கள், ஆரியம் பாடுவோரும் இருக்கிறார்கள். இருவருக்கும் நெல் அளக்கப்பட்டிருக்கிறது.

மலேசியத் தமிழர்கள் இக்கோயிலின் சுவர்களில் தேட வேண்டிய சொல் மற்றொன்று உண்டு. அது கடாரம். இராஜராஜனின் மகன் இராஜேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து வென்ற இடங்களின் பெயர்களை அவனது 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே வரிசையாகத் தருகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் முதலியவற்றோடு கடாரமும் அதில் இருக்கிறது. கடாரமே இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் முடிபு. 1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ், ஸ்ரீவிசயம் என்றொரு பேரரசு சுமாத்திராவில் இருந்தது என்று நிறுவியபோது சோழர் சாசனங்களும் அவருக்குச் சான்றாயின. தென்கிழக்காசியாவின் மறந்துபோன அரசு ஒன்றைக் கண்டெடுக்கவும் சோழநாட்டு ஆவணங்கள் உதவின.

மேடைகளில் கடாரம் கொண்ட பெருமையை முழங்குவோருள் பலர் அக்கல்வெட்டை இறுதிவரை படித்திருக்க மாட்டார்கள். போர் வெற்றிகள் அதில் முன்னுரை மட்டுமே. அவற்றைச் சொல்லி முடித்தபின் கல்வெட்டு தன் வேலைக்கு வருகிறது. இக்கோயிலின் சைவ ஆசாரியராகிய சர்வசிவ பண்டிதருக்கும் அவர்தம் மாணவர் வழியினருக்கும் ஆண்டுதோறும் 2,000 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதே அவ்வேலை. கடல் கடந்த படையெடுப்பின் செய்தி ஒரு நெல் ஆணையின் முகப்பாக நம் கைக்கு வந்திருக்கிறது.

படையெடுப்புக்கு முன்பு இரு நாடுகளுக்கும் இருந்த நட்பையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினான். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட இராஜராஜன், தன் 21ஆம் ஆட்சியாண்டில் அந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அதைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்ததால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன. கெடாவில் மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள சண்டிகளின் அடித்தளங்களைப் பார்த்தவர்கள், தஞ்சைக்கும் ஒருமுறை சென்று அதே காலத்துச் சுவரைத் தொட்டுப் பார்ப்பது நன்று.

இத்தனை எழுதிவைத்தும் காப்பாற்ற முடியாதவை எவ்வளவோ. கல்வெட்டிலுள்ள பொன்னில் ஒரு கழஞ்சும் இன்று கோயிலில் இல்லை. முத்துகள் போயின, வெள்ளிக் கலங்கள் போயின. 66 செப்புத் திருமேனிகளில் ஆடவல்லானைப் போன்ற மிகச் சிலவே எஞ்சின. படையெடுப்புகளில் போனவை பல; பின்னாளில் உள்ளிருந்தே போனவையும் உண்டு. பட்டியல் மட்டும் மிஞ்சியது. பொருள் போனபின் பட்டியல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கு 2018ஆம் ஆண்டில் நடந்தது ஒன்றே விடை.

இராஜராஜன் காலத்தில் இக்கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பொய்கைநாட்டைச் சேர்ந்த ஆதித்தன் சூரியன். தென்னவன் மூவேந்த வேளான் என்பது அவர் பெற்ற பட்டம். பிறர் கொடுத்ததையெல்லாம் நிறுத்தும் அளந்தும் பதிவுசெய்த நிர்வாகத்தின் தலைவர். அவரும் தம் பங்குக்குக் கொடுத்தார். நம்பி ஆரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர், சிறுத்தொண்டர் முதலிய அடியார்களின் செப்புப் படிமங்களை அவர் எடுப்பித்தார். அவற்றோடு தம் மன்னனுக்கும் பட்டத்தரசி ஓலோகமாதேவிக்கும் படிமம் செய்துவைத்தார். கல்வெட்டு மன்னனைப் “பெரிய பெருமாள்” என்று குறிக்கிறது. தாம் கொடுத்தவற்றுக்கும் உயரம், பீடம், அணிகலன் என்று பிறர் கொடுத்தவற்றுக்குச் செய்த அதே முறையில் முழத்தாலும் விரலாலும் அளந்து எழுதச் செய்தார்.

இருபதாம் நூற்றாண்டில் எப்போதோ இராஜராஜன், ஓலோகமாதேவி படிமங்கள் கோயிலைவிட்டு வெளியேறி, குஜராத் மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தன. தமிழகத்தின் முயற்சிகள் பல ஆண்டுகள் பலிக்கவில்லை. உரிமை கோருபவர் சான்று காட்ட வேண்டும் அல்லவா? தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு முன்வைத்த சான்றுகளுள் தலையாயது ஆதித்தன் சூரியன் வெட்டுவித்த கல்வெட்டு. அப்படிமங்கள் அவைதாமா என்பதில் மாறுபட்ட கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர். எனினும் 2018ஆம் ஆண்டின் நடுவில் அவை மீட்கப்பட்டு, மேளதாளத்தோடும் மக்கள் வெள்ளத்தோடும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் கொண்டுவரப்பட்டன.

அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லும் அன்பர்கள் விமானத்தை வலம் வந்தபின் திருச்சுற்று மாளிகைப் பக்கமும் சிறிது நேரம் ஒதுக்குவார்களாக. ஆதித்தன் சூரியனின் எழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. அவருக்கு யாரும் படிமம் எடுக்கவில்லை. அவர் முகம் எப்படியிருந்தது என்று அறிய வழியுமில்லை. அவர் எழுதச் செய்த கணக்கில் மட்டும் இன்றுவரை ஒரு விரல் அளவும் குறையவில்லை.